மாலை போட்ட டிரஸ்ஸை இறக்கிய நாள்

செவ்வந்தி மாலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

காற்றில் மாலை ஆடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று, மாலையைக் கட்டியிருந்த இரும்பும் சேர்ந்து ஆடியது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், தூண்கள் மட்டும் நட்டு நின்ற ஒரு கிடங்குக்கு அன்று காலைதான் கூரையைத் தாங்கும் முதல் இரும்பு டிரஸ் ஏறியிருந்தது. உச்சியில் மாலை, எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி. பக்கத்தில், குழாயின் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் ஏழுமலை. கிரேனின் கொக்கியை அப்போதுதான் கழற்றி அனுப்பியிருந்தார்.

அவர் உடம்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. காலையில் நான்தான் போடச் சொன்னேன். பெல்ட்டின் கொக்கியை அவர் அந்த டிரஸ்ஸிலேயே மாட்டியிருந்தார். வேறு எதில் மாட்டுவார்? அந்த உயரத்தில் வேறு எதுவும் இல்லை. டிரஸ் சாய்ந்தால் பெல்ட் அவரைக் காப்பாற்றாது. கூடவே இழுத்துக்கொண்டு வரும்.

"இன்னா மேடம் அப்டி பாக்குற? போட்டோ எடுக்கறதுன்னா சொல்லு, தல சீவிக்கினு உக்கார்றேன்" என்றார் மேலிருந்து.

கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டிரஸ் டிரஸ் என்று எழுதுகிறீர்களே, அது கல்யாண மண்டபத்தில் தகரக் கூரைக்கு அடியில் முக்கோணம் முக்கோணமாகத் தெரியுமே, அதுவா?"

அதேதான். சாப்பாட்டுப் பந்திக்கு இடம் கிடைக்கும்வரை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மேலிருந்து வரும் எடையைத் தாங்குவதில் அது கெட்டிக்காரத்தனமான அமைப்பு. பக்கத்திலிருந்து தள்ளினால் மட்டும் ஒன்றுமே இல்லை. பரீட்சை அட்டையை மேசைமேல் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். மேலே விரலால் அழுத்தினால் தாங்கும். பக்கத்தில் வாயால் ஊதினால் விழும்.

கூரை முடிந்துவிட்டால் கவலையில்லை. ஒவ்வொரு டிரஸ்ஸையும் பக்கத்து டிரஸ் பிடித்துக்கொள்ளும். ஆபத்தெல்லாம் அதுவரைக்கும்தான். அந்தச் சில நாள்களுக்காகப் போடுவதுதான் தற்காலிகப் பிடிமானம். எங்கள் ஆட்கள் பிரேசிங் என்பார்கள், சில சமயம் வெறுமனே முட்டு என்பார்கள். தற்காலிகம் என்ற சொல்லே அதற்கு எதிரி. பல வருடம் நிற்கப்போகும் கட்டடத்துக்குக் கத்தை கத்தையாக வரைபடம் வரும். சில நாள் நிற்கப்போகும் முட்டுக்கு ஒரு தாள்கூட வராது. ஆள் விழுவது பெரும்பாலும் அந்தச் சில நாள்களில்தான்.

பட்டியல் போடாமல் எனக்கு எழுத வராது என்று இந்தத் தொடரைத் தட்டச்சு செய்து தரும் தோழி கிண்டல் செய்கிறாள். ஒன்றே ஒன்று போட்டுவிடுகிறேன்:

– முதல் டிரஸ்ஸை அசையாத ஒன்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
– பிடிப்பது குழாயாக இருக்க வேண்டும். குழாய் இழுக்கும், தள்ளவும் செய்யும். கயிற்றுக்கு இழுக்க மட்டுமே தெரியும்.
– குழாய்கள் குறுக்கே சாய்வாகவும் ஓட வேண்டும். நேராக மட்டும் ஓடினால் எல்லா டிரஸ்ஸும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகச் சாயும்.
– இதெல்லாம் முடியும்வரை கிரேன் கொக்கியைக் கழற்றக் கூடாது.

அன்று இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. காரணம், பத்தரை மணி.

ராகு காலத்துக்கு முன்

அப்போது இன்ஜினீயராக வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை எனக்கு. காலை மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போவேன். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் பூசும் சிவப்புப் பெயின்ட்டின் வாசனை வேலையிடத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். இப்போது திருவள்ளூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். யாராவது ஜன்னல் கம்பிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் போதும், மனசு அந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறது.

முதலில் நான் கொடுத்த திட்டம் வேறு. இரண்டு டிரஸ்ஸைத் தரையிலேயே நிறுத்தி, நடுவில் குழாய்களை நேராகவும் குறுக்காகவும் பூட்டி, ஒரு பெட்டி மாதிரி ஆக்கிவிட வேண்டும். பெட்டியை அப்படியே கிரேனில் தூக்கி நான்கு தூண்கள்மேல் உட்கார்த்த வேண்டும். தனியாக ஒரு டிரஸ் நிற்கும் ஆபத்தான நேரமே வராது. அலுவலகமும் சரி என்றிருந்தது.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. கிடங்கின் சொந்தக்காரர் குடும்பத்தோடு பூஜைக்கு வந்துவிட்டார். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். இரண்டாவது டிரஸ் ஏற்றிய லாரியோ நெடுஞ்சாலையில் எங்கேயோ நின்றிருந்தது.

"ஒண்ணையாவது நிறுத்துங்கம்மா. நல்ல நேரம் போயிடும்" என்றார் சொந்தக்காரர்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பூஜைக்கு ஒன்று நிற்கட்டும், மற்றதெல்லாம் உன் திட்டப்படி செய்" என்றார்கள். கிரேன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். கற்பூரம் காட்டினார்கள். பாக்குமட்டைத் தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், முந்திரி தாராளமாகப் போட்டிருந்தது. சொந்தக்காரர் கார் கிளம்பியது. அதே நேரம் இரண்டாவது டிரஸ்ஸோடு லாரி வந்து சேர, சரக்கைச் சரிபார்க்க வாசலுக்குப் போனேன்.

திரும்பி வருவதற்குள் டிரஸ்ஸின் இருபுறமும் நீல நைலான் கயிறு கட்டி, தரையில் முளையடித்து, கொக்கியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கட்டச் சொன்னவர் தேசப்பன்.

படகும் கயிறும்

தேசப்பன் அண்ணன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரர். ஏரியில் மீன்பாடு இல்லாத மாதங்களில் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இரும்புக் கூரை ஏற்ற வருவார். மேலே உட்கார்ந்திருந்த ஏழுமலை அவருடைய தங்கச்சி வீட்டுக்காரர். உயரத்துக்குப் பயப்படாத ஆட்கள், முடிச்சுப் போடுவதில் கை தேர்ந்தவர்கள் என்று கான்ட்ராக்டர்களுக்கு இவர்கள்மேல் ஆசை.

மதியம் தூக்குச்சட்டியைத் திறந்தால் ஷெட் முழுக்க நண்டுக் குழம்பு மணக்கும். "இன்ஜினீரம்மா, தயிர் சாதத்த மூடு. பாவம், அதுவே அழுவுது" என்று என் டப்பாவில் ஒரு நண்டுக் காலைப் போடுவார் தேசப்பன். வாரத்துக்கு ஒருநாளாவது அந்தக் குழம்பின் ருசி நாக்கில் வந்து நிற்கிறது.

அவர்கள் டிரஸ்ஸைக் கட்டும் முறை, கரையில் படகைக் கட்டும் முறை. நாலு பக்கமும் கயிறு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தளர்ச்சி.

"ஏண்ணா கொக்கிய அவுத்தீங்க? கயித்த இப்படி லூசா வேற விட்டிருக்கீங்க" என்று கேட்டேன்.

"ஆட உடணும் மேடம். வெறப்பா கட்டுனா அல வந்து கட்டையவே பேத்துக்கினு பூடும்."

"இது படகு இல்லைண்ணா. அடியில தண்ணி இல்ல."

"காத்து கீதே. காத்தும் தண்ணி மாரிதான். எத்தினி ஷெட்டு ஏத்திக்கிறேன் நானு, ஒண்ணாச்சும் சாஞ்சிதா?"

சாயவில்லைதான். அவர் ஏற்றியதெல்லாம் சின்ன ஷெட்கள், உயரம் குறைந்தவை. இது அகலம், உயரம் இரண்டிலும் பெரியது. கடல் பக்கம் மறைக்க ஒரு சுவர்கூட இல்லை.

கயிற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். புத்தகத்தில் படித்ததில்லை. எளாவூர் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் அம்மா தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். பள்ளிவிட்டு வந்தால் எனக்குக் கயிறு அளக்கும் வேலை. புது நைலானில் ஒரு வழவழப்பும் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாசனையும் இருக்கும். கல்கத்தா ரோட்டில் வரும் லாரிகள் கடை வாசலில் நின்றால், ஓட்டுநர்கள் முதலில் செய்வது கயிற்றை இழுத்துக் கட்டுவது. கிளம்பும்போது இறுக்கிய கயிறு, எளாவூர் வருவதற்குள் தளர்ந்திருக்கும். "நைலான் நைனா அது, சொன்ன பேச்சு கேக்காது. தடாவுல ஒரு தபா எறங்கி இஸ்து கட்டு" என்று அம்மா ஆந்திரா ஓட்டுநர்களை அனுப்பிவைப்பார்.

லாரியில் மூட்டை சரிந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு காற்று

"கயித்தத் தொட்டுப் பாருங்கண்ணா" என்றேன்.

தேசப்பன் அலட்சியமாகப் போய் ஒரு கயிற்றைத் தட்டினார். துணி காயப்போடும் கொடி மாதிரி துவண்டது. அவர் கட்டியதைவிட அதிகமாகவே தளர்ந்திருந்தது. எதிர்ப்பக்கக் கயிறு விண்ணென்று நின்றது.

அப்போதுதான் கிழக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை, தலைக்கவசத்துக்கு வெளியே இருந்த முடியைக் கலைக்கும் அளவுதான். டிரஸ் மெல்லச் சாய்ந்தது. தூண்தலையில் போல்ட் கிறீச்சிட்டது. கயிறு பிடித்து நிறுத்தியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பி வந்தது.

மேலே பேச்சு நின்றுவிட்டது. ஏழுமலை குழாயைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தார்.

"மச்சான்" என்றார். குரலில் கிண்டல் எதுவும் மிச்சமில்லை. "மச்சான், ஆடுது மச்சான்."

தேசப்பன் ஓடிப்போய்த் துவண்ட கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனார். கூடவே இரண்டு பேர். "இழுக்காதீங்க!" என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கத்தி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை, நானும்தான். "நீங்க வேகமா இழுத்தா இந்தப் பக்கம் சாஞ்சிடும். சொம்மா பிடிச்சிக்கினு நில்லுங்க, போதும்."

கிரேன் ஓட்டுநர் சுப்பய்யா, சூலூர்ப்பேட்டைக்காரர், பொங்கல் தட்டோடு கேபினில் இருந்தார். அவரிடம் ஓடினேன்.

"சுப்பய்யா அண்ணா, கொக்கிய திரும்ப அனுப்புங்க. டிரஸ்ல லேசாகூடப் படக் கூடாது."

"படாதும்மா. பயம் லேது" என்றார். தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டே லிவரை இயக்கினார்.

கொக்கி வானத்தில் நகர்ந்து வந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஏழுமலையின் தலைக்கு மேல் வந்து நின்றது. டிரஸ்ஸைச் சுற்றியிருந்த இரும்புக் கயிற்றை அவர்தான் அதில் மாட்ட வேண்டும். அதற்கு இரண்டு கையையும் விட வேண்டும். ஒரு கையை விட்டார். மறு கை வரவில்லை.

"மாப்ள, என்னப் பாக்காத. கொக்கியப் பாரு" என்றார் தேசப்பன் கீழிருந்து. படகில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரல். "வலையில மீன எடுக்கற மாரி எடு. அவசரமே இல்ல."

மறு கையும் வந்தது. மாட்டினார். சுப்பய்யா கம்பியை விறைப்பாக்கினார். டிரஸ் நின்றது.

ஏழுமலை தூண் வரை ஊர்ந்து வந்து ஏணியில் இறங்கினார். தரைக்கு வந்ததும் பாதுகாப்புக் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றார். ஒரு வாய் தண்ணீர் கேட்டார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

இறக்குவதா?

டிரஸ் இப்போது கிரேனின் பிடியில் இருந்தது. அடுத்து செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "கீழ இறக்கிடலாம். ரெண்டையும் சேத்து பெட்டியா தூக்கலாம்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

"பூஜ போட்டு ஏத்துனத இறக்கறதா?" என்றார் ஒருவர்.

"மேடம், மால போட்டு இறக்கறது எத்தன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் தேசப்பன். பிணத்தை மாலையோடு இறக்கும் குழியை மனதில் வைத்துத்தான் கேட்டார். "இறக்குனா நாளிக்கு எங்காளு ஒர்த்தன் வரமாட்டான்."

"இறக்கலன்னா நான் வரமாட்டேன்" என்றார் ஏழுமலை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னா மாப்ள இப்டி பேசற? என் தங்கச்சிகைல நான் இன்னா சொல்லுவேன்?"

"நீ ஒண்ணியும் சொல்ல வோணாம். நானே ஊட்டுக்குப் போயி சொல்லிக்கிறேன். உயிரோட போயி சொல்றதுதான் நல்லாருக்கும்."

ஏழுமலை அப்படியே கிளம்பிப் போயிருந்தால் குழு அன்றே உடைந்திருக்கும். ஒரே படகில் போய் வந்த குடும்பங்கள். நான் சொல்லி இறக்க வைக்கலாம், அதிகாரம் இருந்தது. ஆனால் அப்படி இறக்கிய இரும்பின்மேல் யாரும் நம்பி ஏற மாட்டார்கள் என்று தோன்றியது.

தேசப்பன் தண்டவாள இரும்பு ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கேட்டார்:

"புதுப் படகு தண்ணிக்கு உடறோம். மால, பூஜ எல்லாம் உண்டு. அன்னிக்கு சாய்ந்தரம் அத்த இன்னா பண்றோம்?"

"கரைக்கு இஸ்துக்கினு வர்றோம்."

"அது பீடையா?"

"பீட எங்க? கரைக்கி வந்தாத்தான நல்லது."

"அப்ப இதுவும் வெள்ளோட்டம் போயிட்டு வருதுன்னு வெச்சிக்க. நாளிக்கி மறுபடி போவும்." எழுந்து பின்புறத் தூசியைத் தட்டிக்கொண்டார். "சுப்பய்யா, பிடி நைனா. போல்ட்டு கயட்டறோம்."

தூண்தலைகளில் ஏணி வைத்து போல்ட்டைக் கழற்றினார்கள். டிரஸ் மாலையோடு இறங்கித் தரை தொட்டது. யாரோ ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேலே இருப்பவர்

அந்தக் கிடங்கு இன்றும் இருக்கிறது. எங்கள் குழாய்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. கூரை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த வேலைக்கு ஏற்றிவிட்டோம். என் தொழிலில் நன்றாகச் செய்த வேலைக்கு அடையாளமே மிஞ்சாது. அதனால்தான் இதையெல்லாம் எழுதிவைக்கத் தோன்றுகிறதோ என்னவோ.

மறுநாள் முழுக்கப் பெட்டி கட்டினோம். எல்லாமே எட்டுகிற உயரத்தில் நடந்த வேலை. குழாய்களை நேராகப் போட்டோம், மேலும் கீழும் குறுக்கே சாய்வாகப் போட்டோம், கிளாம்ப் ஒவ்வொன்றையும் முறுக்கினோம். ஏழுமலை குழாய் தூக்கித் தந்தார். மேலே பார்க்கவே இல்லை. "மாப்ள இனிமே தரைதான். காய்கறி வண்டி தள்ளப் போவுது" என்று யாரோ சீண்டினார்கள். "தள்ளுவேன். ஒனக்கு முருங்கக்கா ஓசி" என்றார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பெட்டி மேலே போனது. நான்கு தூண்களில் உட்கார்ந்து போல்ட் ஏறியது. கயிறு கட்டி நானே கீழிருந்து பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இனி யாராவது ஏறிக் கொக்கியைக் கழற்ற வேண்டும்.

தேசப்பன் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஏழுமலை அவர் தோளைப் பிடித்தார்.

"எறங்கு மச்சான். ஒன் வயித்துக்கு ஏணி தாங்காது."

பெல்ட்டை வாங்கிக்கொண்டு அவர் ஏறினார். உச்சிக்குப் போனதும் உட்காரவில்லை. ஒரு டிரஸ்மேல் ஒரு காலும் குறுக்குக் குழாய்மேல் ஒரு காலுமாக நின்று, கட்டில் வாங்குபவர் போல உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு கொக்கியில் கை வைத்தார்.

"மச்சான், அவுக்கட்டுமா?"

தேசப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கத் தயாராக இருந்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"என்ன எதுக்குக் கேக்கற? நீதான மேல கீற. ஒனக்கு எப்ப தோணுதோ அப்ப அவுறு."

ஏழுமலை உடனே அவிழ்க்கவில்லை. கிழக்கே திரும்பி நின்றார். ஒரு காற்று வந்து போகட்டும் என்று காத்திருந்தார். வந்தது, போனது. இன்னொன்றுக்கும் காத்திருந்தார். சுப்பய்யா ஹாரன் அடிக்கவில்லை.

பிறகு அவரே கொக்கியைக் கழற்றி, கையால் லேசாகத் தள்ளிவிட்டார்.